கைக்குப் பிறவியாம்! கண்ணுக்குப் பேயாம்!

பிறவியின் பேரால் மக்களுக்கு உயர்வு தாழ்வு கற்பிக்கும் பித்தலாட்டம் நமது நாட்டில் மாத்திரந்தான் உண்டு என்றும், மேல்நாட்டு விஞ்ஞானமும் யந்திரமும் புகுந்த இடத்தில் அது தானாகவே ஓடிவிடும் என்றும் நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். மின்சார வெளிச்சம் வந்தால் பேயும் போய்விடும் என்பது அவர்களது மற்றொரு நம்பிக்கை. இரண்டும் தப்பு. விஞ்ஞானத்தின் சிகரம் என்று சொல்லத்தக்க தொழிற்சாலைக்குள்ளேயே, அதிலும் ஒரே மேஜையின் முன்னால், பிறவியும் பேயும் ஜோடியாக வந்து உட்கார்ந்து கொண்டதுண்டு. அது எப்படி நடந்தது, யாருக்கு லாபமாக நடந்தது என்பதைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியம். ஏனென்றால் அந்த மேஜை இப்போது நம் நாட்டுக்கும் வந்து கொண்டிருக்கிறது.

வேலை இன்னதென்பது

ரேடியோ, டெலிவிஷன், கணக்குப் போடும் யந்திரம், சட்டைப் பையில் கிடக்கும் செல்போன் ஆகிய எல்லாவற்றுக்கும் உயிர்நாடி சிப் என்னும் சிலிகான் சில்லு ஆகும். விரல் நகத்தளவுகூட இல்லாத அந்தச் சில்லு தனியாகக் கிடந்தால் ஒரு காசுக்கும் உதவாது. மின்சாரம் அதற்குள் போகவும் வெளியே வரவும் வழி வேண்டும். ஆகவே, சில்லின் ஓரத்தில் இருக்கும் சிறு உலோகத் திட்டுகளுக்கும், வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் கால்களுக்கும் நடுவில் கம்பி பிணைத்தாக வேண்டும். இதற்குத்தான் வயர் பாண்டிங் என்று பெயர்.

அந்தக் கம்பி நெடுங்காலம் பெரும்பாலும் தங்கக் கம்பியாகவே இருந்தது. அதன் கனம் சாதாரணமாக 25 மைக்ரான். அதாவது 40 கம்பிகளைப் பக்கம் பக்கமாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும். நமது தலைமயிரின் கனத்தில் பாதிகூட இல்லை என்று வைத்துக் கொள்ளலாம். அதைப் பிணைக்க வேண்டிய திட்டோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலந்தான் இருக்கும். வெறுங்கண்ணுக்கு அது ஒரு சிறு புள்ளிக்கு மேல் தெரியாது. ஆதலால் வேலை செய்பவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கொண்டுதான் முழு நேரமும் வேலை செய்தாக வேண்டும்.

பிணைக்கும் முறையில் மந்திரம் ஒன்றும் கிடையாது. அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சி சாலையார் 1957-ம் வருஷத்தில் வெளியிட்ட முறை அது. கம்பி ஒரு நுண்ணிய குழலின் துவாரம் வழியாகக் கீழே இறங்கி நிற்கும். அதன் நுனியில் சுடர் பட்டவுடன் தங்கம் உருகி, இலை நுனியில் நீர் திரண்டு நிற்பது போல ஓர் உருண்டையாகத் திரண்டு நிற்கும். அந்த உருண்டையைச் சூடேற்றிய சில்லின் திட்டின் மேல் வைத்துக் குழலால் அழுத்தினால் அது ஒட்டிக் கொள்ளும். தங்கம் உருக 1064 டிகிரி சூடு வேண்டும். இந்த வேலைக்கோ சுமார் 300 டிகிரியே போதும். கொல்லன் இரும்பை உருக்காமலே பழுக்கக் காய்ச்சி அடித்து ஒன்றாக்குவதில்லையா? அதைப் போல் உருகாமலேயே இரண்டு உலோகமும் ஒன்றோடொன்று கலந்து பிடித்துக் கொள்ளுகின்றன. பிறகு குழலைத் தூக்கி, கம்பியை வளைத்துக் கொண்டுபோய், காலின் மேல் அழுத்திப் பிணைத்து, மிச்சத்தை அறுத்துவிட வேண்டும். இது ஒரு கம்பி. சில்லுக்குப் பதினான்கு கால் இருந்தால் பதினான்கு கம்பி, இருபத்தெட்டுப் பிணைப்பு. அது முடிந்தால் அடுத்த சில்லு. இப்படியே பொழுது முழுதும்.

பிணைப்பு நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்கும் வழியுண்டு. சிறு கொக்கியைக் கம்பிக்கு அடியில் மாட்டி இழுத்துப் பார்க்கிறார்கள். அமெரிக்க இராணுவச் சோதனைக் கணக்குப்படி, 25 மைக்ரான் தங்கக் கம்பியானது மூடி போடுவதற்கு முன் குறைந்தது 3 கிராம் இழுப்புக்காவது அறாமல் நிற்க வேண்டும். நின்றால் நல்ல பிணைப்பு. அறுந்தால் கெட்ட பிணைப்பு. பிணைத்தவர் எந்தத் தேசத்தார், எந்தக் குலத்தார், ஆணா பெண்ணா என்று கொக்கி கேட்பதில்லை.

பிறவி வந்த விதம்

கொக்கி கேட்காததை முதலாளிகள் கேட்டார்கள். இந்த வேலைக்கு ஏராளமான கைகள் வேண்டியிருந்தன. அமெரிக்கக் கூலி அவர்களுக்கு அதிகமாகப் பட்டது. பேர்சைல்ட் என்னும் பேர்பெற்ற அமெரிக்கக் கம்பெனி 1963-ல் ஹாங்காங்குக்கு இந்த வேலையைக் கொண்டு போயிற்று. 1965-ல் அமெரிக்காவிலேயே நியூ மெக்ஸிக்கோ மாகாணத்தில், அந்நாட்டின் ஆதிக்குடிகளான நவாஹோ மக்கள் வாழும் ஷிப்ராக் என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலை வைத்தது. அதில் ஒரு காலத்தில் ஏறக்குறைய ஆயிரம் பேர் வேலை செய்தார்கள்; பெரும்பாலோர் பெண்கள்.

நவாஹோப் பெண்கள் கம்பளி நெய்வதில் கெட்டிக்காரர்கள். அதைக் கம்பெனி பிடித்துக் கொண்டது. 1969-ல் கம்பெனியார் வெளியிட்ட விளம்பரப் புத்தகத்தில் நவாஹோக் கம்பளத்தின் கோலத்தையும் சில்லின் கோலத்தையும் ஒப்பிட்டு, தலைமுறை தலைமுறையாக நெய்துவந்த இனத்தாருக்கு இந்த வேலை இயல்பாகவே வரும் என்ற கருத்துப்படப் புகழ்ந்திருந்தார்கள்.

1970-க்குப் பிந்திய வருஷங்களில் மலேசியாவிலும் இதே பாட்டுத்தான். 1972 முதல் பினாங்கில் பாயான் லெப்பாஸ் என்னுமிடத்தில் வரிச்சலுகைகளோடு தொழிற்பேட்டை அமைத்து அந்நிய முதலாளிகளை வரவழைத்தார்கள். அவர்களை அழைப்பதற்காக அந்நாட்டு அரசாங்கத்தார் வெளியிட்ட பிரசுரமொன்றில், கீழ்நாட்டுப் பெண்ணின் கை சிறியது, அவள் வேகமாகவும் ஜாக்கிரதையாகவும் வேலை செய்வாள், இயற்கையாலும் பரம்பரையாலும் அவளைவிடத் தகுதியானவர் யார் என்ற பொருள்படக் கூச்சமில்லாமல் எழுதியிருந்தார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துக் காட்டுகிற தரகன்கூட மாட்டின் சம்மதத்தைக் கேட்டதாகப் பாசாங்கு செய்வதில்லை என்ற மட்டில் இவர்களுக்கும் அவனுக்கும் வித்தியாசமில்லை!

இந்தப் பிறவி வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்ப்போம்.

முதலாவது, எந்தப் பிறவி? அமெரிக்காவில் வெள்ளைக்காரப் பெண்கள் இதே வேலையைச் செய்தார்கள். ஹாங்காங்கில் சீனப் பெண்கள் செய்தார்கள். ஷிப்ராக்கில் நவாஹோப் பெண்கள் செய்தார்கள். பினாங்கில் மலாய்ப் பெண்ணும் சீனப் பெண்ணும் தமிழ்ப் பெண்ணும் ஒரே தொழிற்சாலைக்குள் இருந்து செய்தார்கள். இத்தனை குலத்துக்கும் பொதுவாக ஒரு பரம்பரை இருக்குமானால், அதற்கு மனிதப் பரம்பரை என்றல்லாமல் வேறென்ன பெயர்? கம்பெனி எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பெண்ணின் விரலே உலகத்தில் உத்தமமான விரலாக மாறிவிடுவது என்ன அதிசயம்!

இரண்டாவது, விரல் சிறியதாயிருந்தால்தான் என்ன? இந்த வேலையில் விரல் கம்பியைப் பிணைப்பதே இல்லை. விரலின் பிசுக்குப் பட்டால் பிணைப்புக் கெட்டுப் போகும். கம்பியைப் பிடித்திருப்பது குழல். அதைத் துவாரத்தில் கோப்பதற்கும் சாமணந்தான். வேலை செய்பவர் கையில் இருப்பது, சதுரங்கக் காய் போன்ற ஒரு குமிழ். அந்தக் குமிழை எட்டுப் பங்கு நகர்த்தினால் மேலே சில்லு ஒரு பங்குதான் நகரும்படியாக நெம்புகோல் அமைத்திருக்கிறார்கள். கை நடுக்கத்தையும் அதே கணக்கில் அது குறைத்துவிடுகிறது. பெரிய கை சிறிய கை என்ற வித்தியாசத்தை யந்திரமே ஒழித்து வைத்திருக்கும்போது, பிரசுரம் எழுதினவன் அதை மறுபடியும் உண்டாக்குகிறான் என்றால், அவன் யந்திரத்தைப் பார்க்காமல் கூலிக் கணக்கைப் பார்த்து எழுதினான் என்றுதானே அர்த்தம்?

மூன்றாவது, பிறவியிலேயே வருவதானால் பயிற்சி எதற்கு? இந்தத் தொழிற்சாலைகளில் சேர்ந்த எந்தப் பெண்ணும் முதல் நாளே நல்ல பிணைப்புப் போட்டதில்லை. எவ்வளவு அழுத்தம், எவ்வளவு சூடு, கம்பியை எவ்வளவு உயர வளைப்பது என்பதெல்லாம் பழகிப் பழகிக் கைக்கு வந்தவை. முட்டையை விட்டு வெளிவந்த வாத்துக் குஞ்சுக்கு நீச்சல் வகுப்பு யாரும் நடத்துவதில்லையே!

"பெண்கள் வீட்டில் தையலும் பின்னலும் நெசவும் செய்து பழகியவர்கள், அதனால் வேலை சீக்கிரம் பிடிபடுகிறது" என்று சிலர் சொல்லக்கூடும். இதில் உண்மையுண்டு. ஆனால் இது பிறவி வாதத்துக்கு நேர் விரோதமான வாதம். நவாஹோப் பெண் தறியோடு பிறக்கவில்லை. தாயிடம் வருஷக்கணக்கில் உட்கார்ந்து கற்றாள். அப்படியானால் அது படிப்பு. படிப்பு என்றால் அதற்கு விலை உண்டு. சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. கற்ற வித்தைக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். பிறந்த பிறப்புக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே ஒருத்தியின் வித்தையை வாயாரப் பிறவிக் குணம் என்று புகழ்ந்துவிட்டு, சம்பளப் பட்டியலில் அவள் பேருக்கு நேராகத் திறமையற்ற வேலை, அரைத்திறமை வேலை என்று எழுதிக் கொண்டார்கள். வசவைக்காட்டிலும் மோசமான புகழ்ச்சி இது.

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. இன்னாருக்கு இன்ன வேலை பிறப்பிலேயே வரும் என்று நூற்றாண்டுக் கணக்கில் நமக்கும் சொல்லிக் கொண்டுதானே வந்தார்கள்? அப்படிச் சொன்ன இடத்திலெல்லாம் பாடு ஒருவனுக்கும் பலன் வேறொருவனுக்குமாகப் போனது நமக்குத் தெரியும். ஆகையால் இதைக் கண்டுபிடிக்க நம்மைவிடத் தகுதியானவர்கள் இல்லை.

ஷிப்ராக்கின் முடிவையும் சொல்லிவிடுவோம். ஆட்குறைப்பின் காரணமாக 1975 பிப்ரவரியில் அமெரிக்க இந்தியர் இயக்கத்தார் அந்தத் தொழிற்சாலைக்குள் புகுந்து, ஒரு வாரம் போல அதைத் தம் வசம் வைத்திருந்தார்கள். அதன் பிறகு கம்பெனி அதை இழுத்து மூடிவிட்டது. பரம்பரை பரம்பரையாக வந்த கைத்திறன் ஷிப்ராக்கிலேயே இருந்தது. வேலை மட்டுந்தான் போயிற்று.

பூதக்கண்ணாடியில் பூதம்

கையின் சங்கதி இது. இனிக் கண்ணின் சங்கதிக்கு வருவோம்.

மைக்ராஸ்கோப்பை நமது ஜனங்கள் பூதக்கண்ணாடி என்று சொல்லுவதுண்டு. சிறியதைப் பூதாகாரமாகக் காட்டுவதால் ஏற்பட்ட பெயர். மலேசியத் தொழிற்சாலைகளிலோ அந்தக் கண்ணாடிக்குள் பூதமே வந்துவிட்டதாம்! 1975-ல் சுங்கை வே என்னும் இடத்திலிருந்த ஒரு பெரிய அமெரிக்க மின்னணுத் தொழிற்சாலையில் நாற்பது மலாய்ப் பெண்களைப் பேய் பிடித்துக் கொண்டது. 1978-ல் மறுபடியும், மைக்ராஸ்கோப் வைத்து வேலை செய்யும் பகுதியில் சுமார் 120 பெண்கள் அலறவும் புலம்பவும் ஆரம்பித்தார்கள். கண்ணாடிக்குள் கோர உருவங்களைக் கண்டதாகப் பெண்கள் சொன்னார்கள். தொழிற்சாலையை மூன்று நாள் மூட வேண்டியதாயிற்று. நிர்வாகிகள் போமோ என்னும் மலாய் மாந்திரீகனைக் கூப்பிட்டுத் தொழிற்சாலைக்குள்ளேயே ஓர் ஆட்டை வெட்டச் செய்தார்கள். பினாங்கிலும் இதே போல் நடந்தது. ஐஹுவா ஓங் என்னும் மானிடவியல் அம்மையார் இவற்றையெல்லாம் ஆராய்ந்து 1987-ல் புத்தகமாகவே எழுதியிருக்கிறார்.

அந்தப் பெண்கள் பொய் சொன்னார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். அப்படிச் சொல்லுகிறவன் பகுத்தறிவுவாதியல்ல, முதலாளியின் வக்கீல். அவர்கள் பட்ட வேதனை மெய். சொல்லப்பட்ட காரணந்தான் பொய். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்த எவருக்கும் தெரியும், சொந்தக் கண்ணிமை மயிரே அதில் கறுத்த காடு போலக் குறுக்கே வந்து நிற்கும். நம் எல்லோருடைய விழிக்குள்ளும் மிதந்து கொண்டிருக்கும் நுண்ணிய துணுக்குகள் அந்தப் பிரகாசத்தில் புழுப்போல நெளிந்து ஓடும். இத்துடன் உலோகப் பளபளப்பையும், ஒரே தூரத்தைப் பார்த்துப் பார்த்துக் களைத்த கண்ணையும், பகல் முறை இரவு முறை என்று மாறி மாறி வருவதால் கெட்ட தூக்கத்தையும், கணக்குக் குறைந்தால் மேஸ்திரி என்ன சொல்வானோ என்ற பயத்தையும் சேர்த்துக் கொள்ளுங்கள். கிராமத்திலிருந்து வந்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்குச் சிறு வயது முதல் காட்டேரிக் கதையும் சொல்லிக் கொடுத்திருந்தால், கண்ணாடிக்குள் தெரிவதற்கு அவள் வேறு என்ன பெயர் வைப்பாள்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கண் வலிக்கிறது, ஓய்வு கொடு என்று ஒரு பெண் கேட்டால் யந்திரம் நிற்காது. முறை வேலை ஒத்துக் கொள்ளவில்லை என்றாலும் நிற்காது. சேர்ந்து சங்கம் வைப்பதற்கோ அந்நாட்டு மின்னணுத் தொழிலாளிகளுக்கு அப்போது வழியில்லை. கம்பெனிக்குள் மட்டும் சங்கம் வைத்துக் கொள்ளவே 1988-ல்தான் இடம் கொடுத்தார்கள். ஆனால் பேய் வந்தபோது மூன்று நாள் யந்திரம் நின்றது! மனுவுக்கு நிற்காதது பேய்க்கு நின்றது. மனிதனுக்குக் கொடுக்காத மரியாதையைப் பேய்க்குக் கொடுக்கும் இடத்தில் பேய் வராமல் என்ன செய்யும்?

கம்பிக்கு நோய் வந்தபோது

இதோடு வேறொரு சம்பவத்தையும் ஒத்துப் பாருங்கள். 1960-ஐ ஒட்டிய காலத்தில் இந்தக் கம்பிப் பிணைப்புகளுக்கே ஒரு நோய் வந்தது. நன்றாக வேலை செய்து கொண்டிருந்த கருவிகள் திடீரென்று நின்றன. திறந்து பார்த்தால், தங்கக் கம்பி அலுமினியத் திட்டைத் தொடும் இடத்தில் ஊதா நிறம் படர்ந்து, பிணைப்பு விட்டுப் போயிருந்தது. ஊதாக் கொள்ளைநோய் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

பெயர் பயங்கரமானதுதான். ஆனாலும் அதற்காக யாரும் ஆடு வெட்டவில்லை, மாந்திரீகனைக் கூப்பிடவில்லை. கெட்டுப்போன பிணைப்பை அறுத்துப் பார்த்தார்கள், சூடு காட்டிப் பார்த்தார்கள். தங்கமும் அலுமினியமும் சூட்டில் சேர்ந்து வேறு கூட்டுப் பொருள்கள் உண்டாகின்றன, அவற்றில் ஒன்றின் நிறந்தான் ஊதா என்று கண்டார்கள். ஓர் உலோகம் வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் ஒன்றுக்குள் ஒன்று புகுவதால் நடுவில் பொள்ளல் விழுகிறது, அதனால் பிணைப்பு அறுகிறது என்றும் கண்டார்கள். சூட்டையும் அது படும் நேரத்தையும் குறைத்தார்கள். அலுமினியத் திட்டுக்கு அலுமினியக் கம்பியையே போட்டு, சூட்டுக்குப் பதில் காதுக்கு எட்டாத அதிர்வினால் பிணைக்கும் முறையையும் கையாண்டார்கள். நோய் அடங்கிற்று.

ஆகவே விஷயம் என்ன? 25 மைக்ரான் கம்பிக்கு நோய் வந்தால் விஞ்ஞானி வருகிறான். அந்தக் கம்பியைப் பிணைக்கிற பெண்ணுக்கு நோய் வந்தால் மாந்திரீகன் வருகிறான்! கம்பிக்குக் காரணம் தேடுகிற அறிவு முதலாளிக்கு இருக்கிறது. பெண்ணுக்குக் காரணம் தேட மட்டும் இல்லை. ஏன்? கம்பியின் நோய்க்குக் காரணம் கண்டால் லாபம் மிச்சமாகும். பெண்ணின் நோய்க்குக் காரணம் கண்டால் வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும், மணிக்கொரு தரம் கண்ணுக்கு ஓய்வு தர வேண்டும், வைத்தியம் பார்க்க வேண்டும். ஓர் ஆடு இவை எல்லாவற்றையும்விட மலிவு. மூடநம்பிக்கை ஏழையின் அறியாமையால் மட்டும் வாழவில்லை, பணக்காரனின் கணக்குப் புத்தகத்தாலும் வாழ்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டுமா?

இப்போது

பிற்காலத்தில் இந்த வேலையின் பெரும் பகுதியைத் தானியங்கி யந்திரங்கள் எடுத்துக் கொண்டன. இன்று ஒரு யந்திரம் ஒரு விநாடிக்குள் பல கம்பிகளைப் பிணைத்துவிடுகிறது. அந்த யந்திரத்துக்குப் பாட்டியும் இல்லை, பரம்பரையும் இல்லை, கீழ்நாட்டு விரலும் இல்லை. பிறவி வாதத்துக்கு இதைவிட நல்ல சமாதி கட்ட முடியாது. ஆனாலும் கையால் பிணைக்கும் வேலை அடியோடு ஒழிந்து போகவில்லை. ஆராய்ச்சி சாலைகளிலும், சிறு எண்ணிக்கையில் செய்யப்படும் விசேஷக் கருவிகளிலும், பழுது பார்ப்பதிலும் இன்றும் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து மனிதரே பிணைக்கிறார்கள். அங்கே அவர்களுக்கு டெக்னீஷியன் என்று பெயர். வேலை அதுதான், கம்பி அதுதான். பெயர் மாறியவுடன் பிறவி மறைந்து வித்தை வந்துவிட்டது பாருங்கள்!

நமது தேசத்திலும் 2024 மார்ச்சில், அஸ்ஸாமில் ஜாகிரோட்டிலும் குஜராத்தில் சானந்திலும் சில்லுகளுக்குக் கம்பி பிணைத்து மூடி போடும் தொழிற்சாலைகளுக்கு அடிக்கல் நாட்டினார்கள். தொழில் வருவதை நாம் வரவேற்கிறோம். விஞ்ஞானம் வளர வேண்டும், பெண்கள் வெளியே வந்து சம்பாதிக்க வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணை எதற்கு? ஆனால் வேலையுடன் பழைய பிரசுரமும் வருமானால், நமது பெண்களின் பொறுமையைப் பற்றியும் மெல்லிய விரலைப் பற்றியும் யாராவது மேடையேறிப் புகழ்வார்களானால், அன்றைக்கே சம்பளப் பட்டியலை வாங்கிப் பார்க்க வேண்டும். ஆலைக்குள் சாந்தி பூஜை என்று யாராவது கிளம்பினால், அன்றைக்கே வேலை நேரத்தையும் விளக்கையும் நாற்காலியையும் கண்ணையும் டாக்டரைக் கொண்டு சோதிக்கச் சொல்ல வேண்டும்.

கை கற்றது, அதற்குக் கூலி கேளுங்கள். கண் களைத்தது, அதற்கு ஓய்வு கேளுங்கள். கேட்பதற்குச் சங்கமாகக் கூடுங்கள். பிறவியென்றும் பேயென்றும் பதில் வந்தால், 3 கிராம் கொக்கியை அந்தப் பதிலுக்கும் மாட்டி இழுத்துப் பாருங்கள். நிச்சயமாக அறுந்து போகும்.